கொட்டகைக்கு எந்தக் கேபிள்? – வயர்மேன் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் கொட்டகையைப் பற்றியவை. முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். மற்றவர்களுக்கும் வேண்டியது அதில் நிறைய இருக்கிறது.

கேள்வி: ஐயா, வணக்கம். சுங்கை பாக்காப்பில் எங்களுக்குக் கம்பத்து வீடு. பின்னால் தகரக் கூரை போட்டு ஒரு கொட்டகை கட்டியிருக்கிறேன். அப்பா தச்சர். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்தத் தொழிலைக் கையில் எடுக்க நினைக்கிறேன். 2 ஹெச்பி டேபிள் ரம்பம், 1 ஹெச்பி தூசி உறிஞ்சி, 2 ஹெச்பி கம்ப்ரஸர், ஒரு கிரைண்டர், விளக்கு, காற்றாடி, அவ்வளவுதான். வீட்டிலிருந்து கொட்டகைக்கு 18 மீட்டர். ஹார்ட்வேர் கடையில், “2.5 வயர் 20 ஆம்பியருக்கு மேலேயே தாங்கும், போதும்” என்கிறார்கள். மச்சான், “6 போடு” என்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர், “16 போட்டுவிடு, பேரன் காலம் வரைக்கும் கிடக்கும்” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஓய்வு பெறப்போகும் வாசகர், சுங்கை பாக்காப்

பதில்: மூன்று பேருமே உங்களிடம் ஒன்றும் கேட்காமல் அளவைச் சொல்லியிருக்கிறார்கள். கேபிள் எவ்வளவு தூரம் ஓடப்போகிறது, எந்தெந்த மிஷின் ஒரே நேரத்தில் ஓடும் என்ற இரண்டும் தெரியாமல் கேபிள் அளவைச் சொல்ல முடியாது. அதனால் கடைக்குப் போவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 20 ஆம்பியரைத் தாங்கும். கம்பி சூடேறிக் கெட்டுப்போகாது என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்தக் கம்பியின் கடைசியில் இருக்கும் ரம்பம் ஒழுங்காக ஓடுமா என்பது வேறு விஷயம். அதற்குத் தூரம் தெரிய வேண்டும்.

நீங்கள் சொல்லும் 18 மீட்டர், பின் சுவரிலிருந்து கொட்டகைச் சுவர் வரைக்கும் என்று நினைக்கிறேன். கேபிள் பின் சுவரிலிருந்து புறப்படுவதில்லையே, டிபி பெட்டியிலிருந்து, அதாவது வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துக்கொடுக்கும் சுவிட்சுப் பெட்டியிலிருந்து அல்லவா புறப்படுகிறது? நம் வீடுகளில் அந்தப் பெட்டி பெரும்பாலும் முன் கதவுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து கூரைக்குள் ஏறி, வீட்டின் முழு நீளத்தையும் தாண்டி, சமையலறைச் சுவரில் இறங்கி, மண்ணுக்குள் போய், கொட்டகையில் மறுபடி ஏற வேண்டும். ஒரு நைலான் கயிற்றை அந்த வழியிலேயே விட்டு, பிறகு அதைத் தரையில் நீட்டி அளந்து பாருங்கள். வீடு 14 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், ஏற்ற இறக்கத்துக்கும் இரண்டு முனையிலும் விடும் மிச்சத்துக்கும் சேர்த்து இன்னொரு 8 மீட்டர். மொத்தம் 40. தூரம் ஒரு மடங்குக்கு மேல் கூடிவிட்டது பாருங்கள். கேபிள் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் இதுதான்.

இனி மிஷின்கள். 2 ஹெச்பி ஒற்றை ஃபேஸ் (ஒரே லைவ் கம்பியில் ஓடும்) மோட்டார் முழுப் பளுவில் ஏறக்குறைய 10 ஆம்பியர் இழுக்கும். 1 ஹெச்பிக்கு 5 அல்லது 6. சரியான எண் மோட்டாரின் பெயர்த் தகட்டிலேயே அடித்திருக்கும், அதைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரே ஆள். ரம்பத்தையும் கிரைண்டரையும் ஒன்றாக ஓட்டப்போவதில்லை. ஆனால் ரம்பம் ஓடினால் தூசி உறிஞ்சியும் ஓடும். கம்ப்ரஸரோ உங்களைக் கேட்டுக்கொண்டு ஓடாது. தொட்டியில் காற்று இறங்கியதும் தானாகவே கிளம்பிவிடும். ஆக, ரம்பம், தூசி உறிஞ்சி, கம்ப்ரஸர், விளக்கு, காற்றாடி எல்லாம் சேர்த்து 27 ஆம்பியர் என்று கணக்கில் வைப்போம்.

ஒவ்வொரு கேபிள் அளவுக்கும், ஓர் ஆம்பியருக்கு ஒரு மீட்டரில் எத்தனை மில்லிவோல்ட் இழப்பு என்று அட்டவணை உண்டு. எக்ஸ்எல்பிஇ (சூடு தாங்கும் பிளாஸ்டிக்) உறை போட்ட செம்புக் கேபிளில் ஒற்றை ஃபேஸுக்கு இப்படி: 2.5-க்கு 19, 4-க்கு 12, 6-க்கு 7.9, 10-க்கு 4.7, 16-க்கு 2.9. இதை ஆம்பியராலும் மீட்டராலும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் எத்தனை வோல்ட் வழியிலேயே போகிறது என்று தெரிந்துவிடும். போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் அந்த எண்ணிலேயே அடக்கம், மறுபடி இரண்டால் பெருக்க வேண்டாம்.

உங்கள் 27 ஆம்பியருக்கும் 40 மீட்டருக்கும் போட்டுப் பார்த்தால் 2.5-இல் 20.5 வோல்ட், 4-இல் 13, 6-இல் 8.5, 10-இல் 5.1, 16-இல் 3.1 வோல்ட் விழுகிறது. நாங்கள் வைத்துக்கொள்ளும் எல்லை 4 விழுக்காடு. 230 வோல்ட்டுக்கு அது 9.2 வோல்ட். 2.5 அந்த எல்லைக்கு இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது, 4-ம் தேறவில்லை. மச்சான் சொன்ன 6 மயிரிழையில் தப்பிக்கிறது. ஆனால் அந்த 4 விழுக்காட்டுக்குள் கொட்டகைக்குள் ஓடும் வயரிங்கும் அடங்க வேண்டும். அதற்கு 6-இல் இடமே இல்லை.

இதுவரை பார்த்தது மிஷின் சீராக ஓடும்போது. கிளம்பும்போது நிலைமை வேறு. மோட்டார் நின்ற நிலையிலிருந்து எழும்பும் அந்த ஒரு நொடியில் ஐந்து ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். ரம்பமும் தூசி உறிஞ்சியும் ஓடிக்கொண்டிருக்கும்போது கம்ப்ரஸர் கிளம்பினால் கேபிளில் 70 ஆம்பியரைத் தாண்டும். 72 என்று வைத்துப் பாருங்கள். கணக்குப்படி 2.5 கேபிளில் ஏறக்குறைய 55 வோல்ட் விழும், கம்ப்ரஸருக்கு மிஞ்சுவது 175. மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தோடு இறங்கும் என்பதால், 175 வோல்ட்டில் அதற்கு 58 விழுக்காடு பலம்தான் இருக்கும். தொட்டியில் அழுத்தம் இருக்கும்போது அந்தப் பலம் போதாது. மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும், கரண்ட் இறங்காது, காயில் சூடேறும். 10 கேபிளில் இதே நேரத்தில் 13.5 வோல்ட்தான் விழும். 216 கிடைக்கும், கம்ப்ரஸர் எழும்பிவிடும்.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். நம் மலேசியாவில் 2008 ஜனவரி முதல் பெயரளவு வோல்டேஜ் 240 இல்லை, 230. கூட 10 விழுக்காடு, குறைய 6 விழுக்காடு வரை அனுமதி. அதாவது உங்கள் மீட்டருக்கு 216 வந்தாலும், மின்சாரம் தரும் தெனாகா நிறுவனத்தின் பக்கம் தவறில்லை. ஊரே ஏர்கான் போடும் சாயங்கால நேரத்தில் 216-இல் தொடங்கி, அதிலிருந்தும் கேபிள் தின்றுவிட்டால் மோட்டாருக்கு என்ன மிஞ்சும்?

புக்கிட் மெர்தாஜாமில் ஒரு மரச்சாமான் பட்டறையில் இதைப் பார்த்திருக்கிறேன். கம்ப்ரஸரின் கப்பாசிட்டர் அடிக்கடி போகிறது என்று மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பிறகு மோட்டாரையே மாற்றினார்கள். புது மோட்டாரும் அதே மாதிரி உறுமியது. வீட்டிலிருந்து பட்டறைக்கு ஓடிய கேபிளை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் கம்ப்ரஸர் கிளம்பும்போது பிளக்கில் மீட்டரை வைத்துக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள். மோட்டாருக்குச் செலவழித்த காசில் நல்ல கேபிளே போட்டிருக்கலாம்.

ஆகவே என் பதில் 10 சதுர மில்லிமீட்டர். பெரியவர் சொன்ன 16 தப்பில்லை, ஆனால் கூடுதல் செம்புக்குக் காசு போகும், வளைக்க மல்லுக்கட்ட வேண்டும், உங்களுக்கு அதனால் கிடைப்பது 2 வோல்ட். பேரன் காலத்தை நினைத்தால் அந்தக் காசுக்கு வேறொன்று செய்யுங்கள். குழி தோண்டும்போதே இரண்டு அங்குலப் பிவிசி குழாய் ஒன்றை உள்ளே ஒரு நைலான் கயிற்றோடு பக்கத்தில் புதைத்துவிடுங்கள். நாளைக்கு இணையக் கம்பியோ, மூன்று ஃபேஸ் கேபிளோ, எது வேண்டுமானாலும் அதற்குள் இழுத்துக்கொள்ளலாம்.

அளவு முடிந்தது. எந்த வகைக் கேபிள்? மண்ணுக்குள் போவதென்றால் ஆர்மர் கேபிள்தான், அதாவது உள்ளே இரும்புக் கம்பிக் கவசம் சுற்றிய எக்ஸ்எல்பிஇ கேபிள். வீட்டுச் சுவரில் ஓடும் தட்டை வயரைப் பிவிசி குழாய்க்குள் நுழைத்துப் புதைக்கும் பழக்கம் நம் பக்கம் நிறைய இருக்கிறது. செபராங் பிறையில் பாதி நிலம் பழைய வயல். ஒரு மழைக்குக் குழாய் தண்ணீரால் நிறைந்துவிடும். அப்புறம் கரையான், எலி, நாளைக்கு வாழைக்கன்று நட யாராவது போடும் மண்வெட்டி. தட்டை வயர் இதற்கெல்லாம் செய்யப்பட்டதில்லை. வெயிலில் திறந்து கிடந்தாலும் அதன் மேல்தோல் வெடித்துவிடும்.

மூன்று கோர் வாங்குங்கள்: லைவ், நியூட்ரல், எர்த். இரண்டு கோர் வாங்கி, கவசத்தையே எர்த்தாக வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யலாம்தான். ஆனால் இரும்பு, நம் ஊர் ஈரம், துரு என்றெல்லாம் யோசித்தால் எர்த்துக்கு ஒரு செம்புக் கோர் இருப்பதே எனக்கு நிம்மதி. கவசத்தையும் பித்தளை கிளாண்ட் (கேபிள் முனையை இறுக்கிப் பிடிக்கும் பூண்) போட்டு எர்த்தோடு சேர்த்துவிட வேண்டும். மூன்று கோர் கேபிளை உரித்தால் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வரலாம், பழுப்பு, கறுப்பு, சாம்பல் என்றும் வரலாம். மூன்று ஃபேஸுக்கு என்று போட்ட நிறம் அது. நியூட்ரலுக்குக் கறுப்பும் எர்த்துக்குப் பச்சை மஞ்சளும் உறை மாட்டி இரண்டு முனையிலும் அடையாளம் வைக்காமல் விட்டால், பின்னால் வந்து திறக்கிறவன் உயிரோடு விளையாடியதாகிவிடும்.

தாங்கும் அளவையும் ஒரு தடவை பார்த்துவிடுவோம். மண்ணுக்குள் 10 கேபிள் 71 ஆம்பியர் தாங்கும் என்று அட்டவணை சொல்லும். அது 20 டிகிரி மண்ணுக்கு. நம் மண் 30 டிகிரி என்று வைத்து 0.93-ஆல் பெருக்கினால் 66. உங்கள் 27-க்கு அது தாராளம். தூரம் கூடினால் எப்போதும் இப்படித்தான், சூடு பிரச்சினையாவதற்கு வெகு முன்பே வோல்டேஜ் பிரச்சினையாகிவிடும்.

குழி ஒன்றரை அடிக்குக் குறையக் கூடாது, இரண்டடி என்றால் நல்லது. கீழே மணல், கேபிள், மேலே மறுபடி மணல், அதற்கு மேல் செங்கல், அதற்கு மேல் எச்சரிக்கை நாடா. மண்ணுக்குள் இணைப்பு எதுவும் வேண்டாம், ஒரே துண்டாக வாங்குங்கள். குழி எந்த வழியாகப் போகிறது என்று ஒரு தாளில் வரைந்து டிபி மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள். புதைத்தவனுக்கே சில வருடத்தில் இடம் மறந்துபோகும்.

வீட்டு முனையில் இந்தக் கேபிளுக்கென்று தனியாக 32 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவுக்கு மேல் போனால் தானாக விழும் சுவிட்ச்), சி வகை. பி வகை மூன்று முதல் ஐந்து மடங்கிலேயே சட்டென்று விழுந்துவிடும், சி வகை ஐந்து முதல் பத்து மடங்கு வரை பொறுக்கும். மோட்டார் கிளம்பும் கரண்டைப் பொறுத்துக்கொள்ள சி வகைதான் சரி. கொட்டகையில் ஒரு சின்ன டிபி: மெயின் சுவிட்ச், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மண்ணுக்குக் கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்), அதற்குப் பிறகு ரம்பத்துக்கும் கம்ப்ரஸருக்கும் பிளக்குகளுக்கும் விளக்குக்கும் தனித்தனி எம்சிபி. விளக்கைப் பிளக்கோடு சேர்க்காதீர்கள். சுழலும் ரம்பத்துக்கு முன்னால் நிற்கும்போது ஒரு டிரிப்பில் விளக்கும் சேர்ந்து அணைவது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். பெட்டியை நெஞ்சு உயரத்துக்கு மேல் மாட்டுங்கள். உங்கள் பக்கம் வெள்ளம் ஏறும் இடம்.

கையில் பிடித்து வேலை செய்யும் கருவிகளுக்கு 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பு என்பது 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளிலேயே இருக்கிறது. தரை ஈரமாகும் இடத்தில் 10. விதி இருக்கட்டும், காரணத்தைச் சொல்கிறேன். நம் வீடுகளுக்கு எர்த் என்பது நம் வீட்டு மண்ணில் அடித்த கம்பிதான், தெனாகா அனுப்புவதில்லை. அந்தக் கம்பியின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது நல்ல அளவுதான். ரம்பத்தின் உடலில் லைவ் பட்டுவிட்டால் 230-ஐ 10-ஆல் வகுக்க 23 ஆம்பியர் மண்ணுக்குப் போகும். 32 ஆம்பியர் எம்சிபி இதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. நாள் முழுக்க ரம்பத்தின் உடலில் கரண்ட் இருக்கும், எம்சிபி சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். ஆர்சிசிபி மட்டும்தான் அங்கே ஆளைக் காப்பாற்றும். “எர்த் கம்பி அடித்திருக்கிறேன், ஆர்சிசிபி எதற்கு?” என்று கேட்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். கொட்டகையில் இன்னொரு எர்த் கம்பி அடித்து வீட்டு எர்த்தோடு சேர்த்துக்கொள்வது நல்லது. வீட்டு எர்த்தை விட்டுவிட்டு அதை மட்டும் நம்புவதில் எனக்குச் சம்மதமில்லை.

ஒரு தொல்லை வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். வீட்டு டிபியில் ஏற்கனவே 100 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று இருக்கும். கொட்டகையில் ஏதாவது கசிந்தால் இரண்டும் ஒன்றாக விழும், வீட்டில் ஃப்ரிட்ஜும் நின்றுபோகும், வீட்டம்மாவிடம் பேச்சு வாங்குவது நீங்கள். அதைத் தவிர்க்க, வீட்டு ஆர்சிசிபிக்கு முன்பிருந்தே கொட்டகைக்குப் பிரித்து, அந்தப் பிரிவுக்குத் தாமதமாக விழும் எஸ் வகை 100 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடச் சொல்லுங்கள். அப்போது கொட்டகையில் இருக்கும் 30 முதலில் விழும், வீடு தப்பித்துக்கொள்ளும். அந்த எஸ் வகையை மிச்சம் பிடிக்கிறேன் என்று விட்டுவிடாதீர்கள். மண்ணுக்குள் கேபிளே அடிபட்டால் அதைக் கவனிக்க வேறு யாரும் இல்லை.

கடைசியாக, வீட்டுக்கு வரும் இணைப்பு. ஒற்றை ஃபேஸுக்குத் தெனாகா தரும் உச்சம் 12 கிலோவோல்ட் ஆம்பியர், ஏறக்குறைய 52 ஆம்பியர். கொட்டகைக்கு 27 போனால் வீட்டுக்கு 25. வாட்டர் ஹீட்டர் ஒன்று, ஏர்கான் இரண்டு, சோற்றுச் சட்டி என்றால் தாங்கும். அதற்கு மேல் போனால் மூன்று ஃபேஸுக்கு மாற வேண்டியிருக்கும். கேபிள் வாங்கும் முன் இதை உங்கள் வயர்மேனோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள், ஏனென்றால் மூன்று ஃபேஸ் என்று முடிவானால் இந்தக் கேபிள் கணக்கே மாறிவிடும்.

மச்சானே வயரிங் செய்துவிடுவாரா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு வரும் எல்லாக் கடிதத்திலும் ஒரு மச்சான் இருக்கிறார். குழியை நீங்களும் மச்சானும் தோண்டுங்கள், மணல் கொட்டுங்கள், செங்கல் அடுக்குங்கள். கூலியில் நிறைய மிச்சமாகும். இரண்டு முனையிலும் இணைப்பதும் சோதிப்பதும் பதிவுபெற்ற குத்தகையாளரின் வயர்மேன் வேலை. முடிந்ததும் பாரம் ஜி, பாரம் ஹெச் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். முன்னது வேலை மேற்பார்வையில் முடிந்தது என்பதற்கு, பின்னது சோதித்தார்கள் என்பதற்கு. எர்த் தடை எவ்வளவு, இன்சுலேஷன் எவ்வளவு என்று மீட்டரில் அளந்த எண்ணையும் கேளுங்கள். எண்ணைச் சொல்லத் தயங்குகிறவர் அளந்திருக்க மாட்டார்.

கேள்வி: அண்ணே, நான் பட்டர்வொர்த்தில் வீட்டுக்குப் பின்னால் சின்ன அறையில் தையல் வேலை செய்கிறேன். மோட்டார் தையல் மிஷின் இரண்டு, ஓவர்லாக் ஒன்று, ஸ்டீம் அயன் ஒன்று. டிபியிலிருந்து கேபிள் வழியாக அளந்தால் 15 மீட்டர். ஒரு குத்தகைக்காரர் 10 கேபிளும் மூன்று ஃபேஸும் வேண்டும் என்று விலை சொல்லியிருக்கிறார். கேட்டதும் மலைத்துவிட்டேன். உண்மையிலேயே இவ்வளவு வேண்டுமா?
– தையல்காரச் சகோதரி, பட்டர்வொர்த்

பதில்: வேண்டாம்மா. மேலே அந்த ஐயாவுக்கு 10 சொன்னேன் என்பதால் உங்களுக்கும் 10 என்று ஆகிவிடாது. உங்கள் அறையில் பெரிய ஆள் ஸ்டீம் அயன்தான். அது 2000 வாட் என்றால் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. மிஷின்களும் விளக்கும் காற்றாடியும் சேர்த்தாலும் 13 ஆம்பியருக்குள் வைத்துக்கொள்ளலாம், ஒரே ஆள் எல்லா மிஷினையும் ஒன்றாக மிதிக்கப் போவதில்லையே. 15 மீட்டரில் 2.5 கேபிளில் 3.7 வோல்ட் விழும், அது 2 விழுக்காடுகூட இல்லை. 2.5 போதும். ஆனால் அந்த அறை பிற்பகலில் கொதிக்கும், இன்றில்லாவிட்டால் அடுத்த வருடம் ஒரு ஏர்கான் மாட்டுவீர்கள். அதை நினைத்து 4 போடுங்கள். அதற்கு மேல் ஒரு சென்கூடச் செலவழிக்க வேண்டாம். மூன்று ஃபேஸ் பேச்சை எடுத்தவரிடம், எந்த மிஷினுக்கு எத்தனை ஆம்பியர் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

அயனுக்கு மட்டும் தனிப் பிளக், தனி எம்சிபி. மிஷின் ஓடும் பிளக்கிலேயே அடாப்டர் குத்தி அயனையும் சொருகுவதுதான் தையல் அறைகளில் நான் அதிகம் பார்த்த கருகல்.

கேள்வி: கடையில் 2.5 வயர் சுருள் ஒன்று வழக்கமான விலையில் பாதிக்குக் கிடைக்கிறது. அதே நிறம், அதே நீளம். “எல்லாம் செம்புதான்” என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– ஆயர் ஈத்தாம் வாசகர்

பதில்: மேல்தோலைப் படியுங்கள். தயாரிப்பாளர் பெயர், அளவு, எம்எஸ் (மலேசியத் தரம்) எண், சிரிம் (தரச் சோதனை நிறுவனம்) அடையாளம் எல்லாம் கம்பி நெடுகிலும் அச்சாகியிருக்க வேண்டும். சுருளைச் சுற்றிய பிளாஸ்டிக்கில் மட்டும் இருந்தால் அது கணக்கில் சேராது.

அச்சைப் போலியாகவும் அடிக்கலாம், அதனால் கையோடு ஒரு வெர்னியர் (நுணுக்கமாக விட்டம் அளக்கும் கருவி) கொண்டுபோங்கள். நம்மூர் 2.5 வயரில் ஏழு இழை இருக்கும், ஒவ்வொன்றும் 0.67 மில்லிமீட்டர் விட்டம். 1.5-க்கு ஏழு இழை 0.53, 4-க்கு ஏழு 0.85, 6-க்கு ஏழு 1.04. 2.5 என்று அச்சடித்த வயரில் இழை 0.6-க்குக் கீழே இருந்தால், உங்களுக்கு 2 சதுர மில்லிமீட்டர்கூடக் கிடைக்கவில்லை என்று பொருள். அடுத்து ஓர் இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். சுருளைக் கையில் தூக்கினாலே தெரியும், அலுமினியத்தின் எடை செம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த வயரில் சூடும் வோல்டேஜ் இழப்பும் கூடும், திருகு முனைகளில் நாளடைவில் தளரும், தளர்ந்த இடத்தில்தான் நெருப்புப் பிடிக்கும். பாதி விலை என்ன, சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

கேள்வி: வணக்கம் ஐயா. நிரந்தரக் கேபிள் எல்லாம் எனக்கு வேண்டாம். வார இறுதியில் மட்டும் கார் நிறுத்தும் இடத்தில் கேட், கிரில் வெல்டிங் செய்கிறேன். சமையலறைப் பிளக்கிலிருந்து 50 மீட்டர் வயர் ரீல் இழுத்து இன்வெர்ட்டர் வெல்டிங் செட் போடுகிறேன். அரை மணி நேரத்தில் ரீல் சூடாகி வாசனை வருகிறது. செட்டும் சரியாக எரிய மாட்டேன் என்கிறது. ரீல் மட்டமா, செட் மட்டமா?
– ஜெலுத்தோங் வாசகர்

பதில்: இரண்டும் நல்லதாகவே இருக்கலாம். ரீலை முழுக்க அவிழ்க்காமல், வேண்டிய பத்து மீட்டரை மட்டும் இழுத்துவிட்டு மிச்சத்தைச் சுற்றியபடியே வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சுற்றிய வயருக்குள் உண்டாகும் சூடு வெளியேற வழியில்லை. ரீலின் பக்கத்தில் பாருங்கள், சுற்றிய நிலையில் இத்தனை வாட், அவிழ்த்த நிலையில் இத்தனை வாட் என்று பெரும்பாலும் இரண்டு எண் போட்டிருக்கும். முதல் எண் உங்கள் செட்டுக்குக் கிட்டவே வராது. வாசனை வந்த ரீலின் உறை உள்ளே இளகியிருக்கும், அதை இனி யாருக்கும் கொடுக்காமல் வெட்டிப் போட்டுவிடுங்கள்.

அவிழ்த்தாலும் உங்கள் பிரச்சினை பாதிதான் தீரும். 1.25 கம்பி போட்ட 50 மீட்டர் ரீலில் 10 ஆம்பியருக்கே ஏறக்குறைய 18 வோல்ட் போய்விடும். நூறு ஆம்பியரில் வெல்ட் செய்தால் செட் சுவரிலிருந்து இழுப்பது பெரும்பாலும் 13 ஆம்பியரைத் தாண்டும், சமையலறையின் 13 ஆம்பியர் பிளக் அதற்கானதில்லை. கார் நிறுத்துமிடத்தின் சுவரிலேயே 32 ஆம்பியர் நீல நிற இண்டஸ்ட்ரியல் பிளக் ஒன்று, டிபியிலிருந்து தனிக் கேபிளில், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியோடு போடச் சொல்லுங்கள். டிபி முன் கதவுக்கு மேலேதான் இருக்கும், கார் நிறுத்துமிடம் அதற்கு அடுத்த சுவர். பத்து மீட்டர்கூட ஆகாது, அந்தத் தூரத்துக்கு 6 கேபிள் தாராளம். வார இறுதியில் மட்டும்தானே என்று யோசிக்காதீர்கள், சமையலறைப் பிளக்கின் பின்பக்கம் இதற்குள் கருகியிருக்கிறதா என்று வயர்மேன் வரும் அன்றே கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.